மாப்பிள்ளைக்குக் கொழுப்பு

விழுப்புரம்
17.7.2025

அன்புள்ள கலா,

நலமா என்று கேட்கும் உரிமை இன்னும் எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். நீயும் பாப்பாவும் நலமா?

போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. மாமாவுக்கு அடித்தால், "அவ தூங்கறா மாப்ள" என்கிறார். காலையில் அடித்தாலும் தூங்குகிறாய், மாலையில் அடித்தாலும் தூங்குகிறாய். அதனால்தான் தபால். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ஒரு மணி நேரம்தான் பஸ். ஆனால் அந்த பஸ்ஸில் ஏற எனக்கு இப்போது தைரியம் இல்லை.

பேர் வைத்த அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெண் பிறந்ததில் எனக்கு வருத்தம் என்று உங்கள் வீட்டில் எல்லாரும் நினைக்கிறார்கள். சத்தியமாக இல்லை. ஆஸ்பத்திரியில் அவளை முதலில் பார்த்தபோது தொட்டில் பக்கத்தை விட்டு நான் நகரவே இல்லை. பேர் வைத்த அன்று மாமா அவளை என் பக்கம் தூக்கி நீட்டினார். வாங்கத்தான் நினைத்தேன். கை அந்த உயரத்துக்கு வரவில்லை. வற்புறுத்தித் தூக்கினால் அவளைக் கீழே போட்டுவிடுவேனோ என்று பயந்துதான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

இதை நம்புவது கஷ்டம் என்று எனக்கும் தெரிகிறது. எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே சாக்கு மாதிரித்தான் இருக்கிறது. பதில் போடு.

இளவழகன்


திண்டிவனம்
22.7.2025

கணக்கு வாத்தியாருக்கு,

சாக்கு மாதிரி இல்லை, சாக்கேதான். முப்பத்திரண்டு வயது ஆம்பளைக்கு நாலு கிலோ பிள்ளையைத் தூக்க முடியாதாம். இதை நான் யாரிடம் சொல்ல? அம்மாவிடம் சொன்னால் என்னைத்தான் பரிதாபமாகப் பார்ப்பாள்.

அன்று கூடத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்! அப்பன்காரன் பிள்ளையைக் கையில் வாங்கிக் காதில் பேர் சொல்ல வேண்டும். அதுதானே முறை? நீங்கள் அப்பா கையில் இருந்தவளிடம் குனிந்து, யாரோ வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி "இளவரசி" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்துவிட்டீர்கள். போட்டோக்காரர், "சார், கொஞ்சம் சிரிங்க சார்" என்று கெஞ்சினார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நின்றீர்கள். பாஞ்சாலி பெரியம்மா எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "மாப்ளைக்கு இன்னா கொழுப்பு பாரு. பொட்டப் புள்ளைன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு நிக்கறாரு" என்றாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

யோசித்துப் பார்த்தால் பெரியம்மா சொன்னது புதிதும் இல்லை. மயிலம் மலையில் அத்தனை ஜனமும் கையைத் தலைக்கு மேல் தூக்கி அரோகரா போடும்போது, நீங்கள் மட்டும் நெஞ்சுக்கு நேரே கும்பிட்டுக்கொண்டு நிற்பீர்கள். சாமிகிட்டயும் கொழுப்பு. பஸ்ஸில் உட்கார இடம் இருந்தால்தான் ஏறுவீர்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது துரைக்கு ஆகாது. இளநீர்க் கடையில் எல்லாரும் ஸ்ட்ராவில் குடித்தால், உங்களுக்கு டம்ளரில் ஊற்றித் தர வேண்டும். பரண் மேலே இருந்த குண்டானை எடுத்துத் தரச் சொன்னேன். "நீயே எடுத்துக்கோ" என்றீர்கள். ஏழு மாசத்து வயிற்றோடு நான்தான் ஸ்டூல் போட்டு ஏறினேன். தூங்கும்போதுகூட அரைக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வேவு பார்க்கிறீர்கள். இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. மனுஷன் சுபாவம் என்று விட்டுவிட்டேன். பிள்ளை விஷயத்தில் விடமாட்டேன்.

இனி எழுதினால் உண்மையை எழுதுங்கள்.

சூர்யகலா


விழுப்புரம்
10.8.2025

அன்புள்ள கலா,

உண்மையை எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று ஸ்கூலில் நான் சரியாகப் பேசவில்லை. பி.டி. மாஸ்டர் நடராசன் விசாரித்தார். பிள்ளையைத் தூக்க முடியாத கதையைச் சொன்னதும், "சட்டையக் கழட்டுங்க சார், பாக்கலாம்" என்றார். கழற்றினேன். "கையத் தூக்குங்க" என்றார். தூக்கியதும் பின்னால் போய்ப் பார்த்து, "சார், முதுகுல ரெண்டு எலும்பும் ரெக்கை கணக்கா நிக்குது. இது சுளுக்கு இல்ல. ஜல்தி கெளம்புங்க" என்றார். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் தோள் இப்படி ஆகிவிட்டது என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கரும்பலகையில் மேல் பாதியில் எழுத மாட்டேன். பையன்கள் எனக்கு 'அரை போர்டு சார்' என்று பேர் வைத்திருப்பதும் எனக்குத் தெரியும்.

நடராசனே என்னைப் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு டாக்டரம்மா. அவர் கேட்ட கேள்வியை எல்லாம் கேட்டால் நீ ஆச்சரியப்படுவாய். "ஸ்ட்ரா வெச்சுக் குடிக்க முடியுதா? விசில் அடிப்பீங்களா? தூங்கும்போது கண்ணு முழுசா மூடுதுன்னு வீட்டுல சொல்லியிருக்காங்களா? மேல இருக்கற பொருளை எடுக்க முடியுதா?" விசிலைத் தவிர ஒவ்வொன்றும் நீ என்னைத் திட்டியதுதான். "இதெல்லாம் என் வொய்ஃபுக்கு நல்லாத் தெரியும் டாக்டர்" என்றேன். முகம், தோள்பட்டை, மேல்கை மூன்றையும் பிடிக்கிற தசைச் சிதைவு நோயாக இருக்கலாம் என்று சொல்லி, எந்தெந்தத் தசை எப்படி இருக்கிறது என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்.

மோதிரம், அரைஞாண் தாயத்து எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மோதிரத்தைக் கழற்றியது அன்றுதான், நடராசனிடம் கொடுத்தேன். குழாய் மாதிரி ஒரு இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, காதில் ஹெட்போன் மாட்டினார்கள். அப்படியும் தகரக் கொட்டகையில் சுத்தியலால் அடிக்கிற சத்தம். "பயமா இருந்தா கண்ணை நல்லா மூடிக்கோங்க" என்றார் ஸ்கேன் எடுக்கிற பையன். மூடினேன். ஆனாலும் தலைக்கு மேல் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்துகொண்டே இருந்தது. என் கண் முழுக்க மூடாது என்பது அங்கேதான் எனக்கே தெரிந்தது. நீ வேவு என்றது இதைத்தான்.

ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. டாக்டரம்மா விளக்கிச் சொல்ல அடுத்த மாதம்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள். பொறுக்க முடியாமல் நானே அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். தோளிலும் முதுகிலும் தசை இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பு இருக்கிறதாம். இந்தத் தசையில் பாதி, அந்தத் தசையில் முக்கால் என்று கணக்கே போட்டிருக்கிறார்கள். பாஞ்சாலி பெரியம்மா ஸ்கேன் எடுக்காமலே சொல்லிவிட்டார், பார்த்தாயா?

நீ பயப்படாதே. கொழுப்புதானே, கரைத்துவிடலாம். எண்ணெய், மல்லாட்டைக் கடலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். காலையில் கிரவுண்டைச் சுற்றி ஓடுகிறேன். கரைந்ததும் பாப்பாவைத் தூக்க வருவேன்.

இளவழகன்


திண்டிவனம்
14.8.2025

பாப்பா அப்பாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்து அழுதேன். பால் பொங்கி வழிந்தது. அம்மா வந்து அடுப்பை அணைத்துவிட்டு, என் கையிலிருந்த கடிதத்தை வாங்கிப் படித்தாள். மகளுக்கு வந்த கடிதத்தைப் படிக்கலாமா என்றெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் யோசிக்க மாட்டார்கள். படித்துவிட்டு, "அய்யோ, புள்ளய நாம இன்னா பேச்சு பேசிட்டோம்" என்றாள்.

அதோடு விட்டாளா? உடனே வைத்தியத்தில் இறங்கிவிட்டாள். கொழுப்பைக் கரைக்கக் கொள்ளைவிட்டால் வேறு மருந்து கிடையாதாம். கொள்ளை வறுத்து அரைத்து ஒரு டப்பா, கேப்பை மாவு ஒரு பை. எதிர்வீட்டுக் குமரேசன் அண்ணன் விழுப்புரம் மார்க்கெட்டுக்கு வருகிறார், அவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். காலையில் கொள்ளுக் கஞ்சி, ராத்திரி கூழ். மல்லாட்டையைக் கண்ணால்கூடப் பார்க்காதீர்கள். ஸ்கூல் வாசலில் வறுத்த மல்லாட்டை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வீர்களே, அதுவும் கிடையாது.

பாப்பா நேற்று சிரித்தாள். என்னைப் பார்த்து இல்லை, ஃபேனைப் பார்த்து. ஆனாலும் சிரிப்பு சிரிப்புதான். வாயில் பல்லே இல்லாமல் அவ்வளவு பெரிய சிரிப்பு! நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிளாக்கை இன்னும் எடுக்கவில்லை. உங்கள் குரலைக் கேட்டால் மிச்சமிருக்கிற கோபமும் போய்விடும். ஏழு மாசத்தில் ஸ்டூலில் ஏற்றியதற்காக இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கிறேன்.

கலா


விழுப்புரம்
7.9.2025

அன்புள்ள கலா,

அத்தையிடம் பக்குவமாகச் சொல். கொள்ளுக் கஞ்சிக்காக டாக்டரம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எடை பார்த்ததுமே, "ஏன் இப்படி இளைச்சுட்டீங்க?" என்றார். சொன்னேன். "யாரு உங்களுக்கு இந்த வைத்தியம் சொன்னது?" என்றார். "எங்க அத்தைங்க" என்றேன். தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பிப் படங்களைக் காட்டினார். என் தோளைக் குறுக்கே வெட்டிவைத்த மாதிரி இருந்தது. கறுப்பாக இருப்பது தசை, வெள்ளையாக இருப்பது கொழுப்பு. முதுகில் பல இடம் வெள்ளை. வலது பக்கம் அதிகம், இடது பக்கம் குறைவு. "நீங்க சாப்பிடற எண்ணெய் அங்க போய் உட்காரலை. தசை செத்துப்போன இடத்தை உடம்பே கொழுப்பு வெச்சு அடைச்சிருக்கு. பட்டினி கிடந்தா இது கரையாது. மிச்சம் இருக்கற நல்ல தசைதான் கரையும்" என்றார். நானும் அத்தையும் சேர்ந்து நல்ல தசையைக் கரைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். ஓட்டத்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். மெதுவாக நடந்தால் போதுமாம்.

கொழுப்பை மறைத்து எடுத்த இன்னொரு படமும் இருக்கிறது. அதில் இரண்டு மூன்று இடம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. அங்கே தசை இப்போது வீங்கியிருக்கிறதாம். அடுத்து அது கெட்டாலும் கெடலாம், அப்படியே நின்றாலும் நிற்கலாம். ஒரு வருடம் கழித்து மறுபடி படம் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எந்த வேகத்தில் போகிறது என்று தெரியும். இதைக் குணமாக்க இன்றைக்கு மருந்து இல்லை. உயிருக்கு ஆபத்தும் இல்லை. மெதுவாகத்தான் போகும் என்கிறார். உறுதி செய்ய ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இனி எழுதப்போவதை எழுதக் கை வரவில்லை. இது பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு வருகிற நோய். எங்கள் அப்பாவுக்கும் இருந்திருக்கிறது. திருவெண்ணெய்நல்லூரில் எல்லாரும் கரும்புக் கட்டைத் தலைக்குத் தூக்கும்போது அவர் மட்டும் தூக்க மாட்டார். ஊரில் அவரை 'துரை' என்று கிண்டலாகக் கூப்பிடுவார்கள். சிரித்த முகமாக அவரை நான் பார்த்ததே இல்லை. அம்மாவிடம் போனில் கேட்டேன். "உங்கப்பா கண்ணத் தொறந்துக்கினேதான்டா தூங்குவாரு" என்றாள்.

பாப்பாவுக்கு வருவதும் வராததும் பாதிக்குப் பாதி. காசைச் சுண்டிப்போடுவது மாதிரி. இந்தக் கணக்கை ஸ்கூலில் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். இப்போது குழந்தைக்குச் சோதனை வேண்டாம் என்கிறார் டாக்டரம்மா. அவளே பெரியவளாகிக் கேட்டால் பார்க்கலாமாம்.

கலா, நன்றாக யோசி. நீ அங்கேயே இருந்துவிட நினைத்தால் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மாமாவிடம் நானே வந்து சொல்கிறேன்.

இளவழகன்


திண்டிவனம்
21.9.2025

இளவழகன் அவர்களுக்கு,

பேர் சொல்லி எழுதியிருக்கிறேன். அவ்வளவு கோபம்.

இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் யோசனை இல்லை, பயம். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு நான் பாப்பாவைப் பார்க்கவே இல்லை. அவள் வாயைத்தான் பார்த்தேன். சிரித்தால் இரண்டு பக்கமும் சமமாக ஏறுகிறதா? பகலில் தூங்கினால் குனிந்து பார்ப்பேன், இமை முழுக்க மூடியிருக்கிறதா? கையைத் தூக்குகிறாளா என்று கிலுகிலுப்பையை உயரப் பிடித்துப் பார்ப்பேன். அப்பா வேறு, "வேற ஆஸ்பத்திரில டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்மா. மனசே பேஜாரா கீது" என்றார். "தெரிஞ்சிக்கினு இன்னாப்பா பண்ணப் போறோம்?" என்றேன். அவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

முந்தாநாள் பாப்பா என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஃபேனைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்துத்தான். நான் பதிலுக்குச் சிரிக்காமல் அவள் உதட்டை அளந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இனி அளக்க மாட்டேன். வந்தால் வரட்டும், வராவிட்டால் சந்தோஷம். இரண்டில் எதுவாக இருந்தாலும் அவளுக்கு அப்பா வேண்டும். இந்த நோயோடு எப்படி வாழ்வது என்று அவளுக்கு ஒருநாள் தெரிய வேண்டியிருந்தால், அதை உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார் இருக்கிறார்?

"அங்கேயே இருந்துவிடு" என்று எழுத உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? உண்மையான கொழுப்பு அதுதான். எந்த மெஷினிலும் அது தெரியாது.

இன்னொன்று. எது எது போய்விட்டது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். என்ன மிச்சம் இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. கழித்துவிட்டு மீதி எழுதாமல் விட்டால் உங்கள் பையன்களுக்கு மார்க் போடுவீர்களா? போய்க் கேட்டு வாருங்கள்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனால் இப்போது கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் திட்டத்தான் செய்வேன்.

சூர்யகலா


விழுப்புரம்
28.9.2025

என் கலாவுக்கு,

நீ திட்டினாலும் பரவாயில்லை என்று போனைக் கையில் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். இதைச் சொல்லும்போது என் குரல் உடைந்துவிடும். எழுதுவதுதான் சரி.

காலாண்டு லீவு விட்டதும் நடராசனோடு புதுச்சேரிக்குப் போனேன். ரத்தச் சோதனை முடிவும் வந்திருந்தது. அதே நோய்தான். அது தெரிந்ததுதானே என்று தலையாட்டிவிட்டு, உன் கேள்வியைக் கேட்டேன். "டாக்டர், என் வொய்ஃப் கேக்கறாங்க, மிச்சம் இன்னா இருக்குதுன்னு." டாக்டரம்மா முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல கேள்வி. இதை நான்தான் மொதல்லயே சொல்லியிருக்கணும்" என்று மறுபடி அந்தப் படங்களைத் திறந்தார்.

தோளின் மேல், சட்டை தைக்கும்போது அளவெடுக்கிற இடத்தில், ஒரு தசை இருக்கிறது. கையை உயர்த்துவது அதன் வேலை. படத்தில் அது கன்னங்கரேலென்று இருந்தது. ஒரு பொட்டு வெள்ளை இல்லை. முன்னங்கை, விரல் எல்லாம் நன்றாக இருக்கிறது. "உங்க கையில பலம் இருக்கு சார். முதுகெலும்புக்குப் பக்கத்துல ரெக்கை மாதிரி நிக்கற அந்தப் பட்டை எலும்பை இழுத்துப் பிடிக்கற தசைதான் போயிடுச்சு. பிடிமானம் இல்லாததால கை ஏற மாட்டேங்குது" என்றார்.

பிறகு எழுந்து என் பின்னால் வந்தார். சட்டைக்கு மேலேயே வலது முதுகுப் பட்டையில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்போ தூக்குங்க" என்றார்.

தூக்கினேன், கலா. காதைத் தாண்டிப் போனது. தலைக்கு மேல் என் கை நின்றது. நான் அதை அண்ணாந்து பார்த்தேன். என் உள்ளங்கையை நான் கீழே இருந்து பார்த்ததே இல்லை. எதிரில் நின்ற நடராசன், "சார்! சார்!" என்று கத்திவிட்டார். டாக்டரம்மா கையை எடுத்ததும் என் கை கீழே வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். என் முகத்தில் சிரிப்புத்தான் வராது. அழுகை நன்றாகவே வருகிறது.

அந்த எலும்பை நிரந்தரமாகக் கட்டிவைக்க ஆபரேஷன் இருக்கிறதாம். அதற்கு நான் ஏற்ற ஆள்தானா என்று அடுத்த வருடப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். "அதுவரைக்கும்?" என்றேன். "அதுவரைக்கும் யாராவது பின்னால இருந்து பிடிச்சுக்கணும்" என்றார்.

மீதியை எழுதிவிட்டேன். மார்க் போடு.

உன் இளவழகன்


திண்டிவனம்
1.10.2025

என்னங்க,

நூற்றுக்கு நூறு.

ஐந்தாம் மாதத்தில்தான் பிள்ளையோடு புகுந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று அம்மா முறை பேசினாள். முறைப்படி நடந்த லட்சணத்தைத்தான் பேர் வைத்த அன்றே பார்த்தோமே என்றேன். பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறோம். அப்பா கொண்டுவந்து விடுவார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். மறுபடி படிக்கச் சொன்னார். அப்புறம், "அன்னிக்கி நான்தாம்மா ஒசரத் தூக்கிக் குடுத்துட்டேன். மடியில வச்சிருந்தா வாங்கிக்கினு இருப்பாரு. மனுசன் சபையில வாயத் தொறக்காம நின்னாரே" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் ஏதாவது தடுமாறிப் பேசினால் கண்டுகொள்ளாதீர்கள். பாஞ்சாலி பெரியம்மாவிடம் மட்டும், கொழுப்பு விஷயத்தில் அவள்தான் முதல் டாக்டர் என்று சொல்லியிருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முழித்தாள்.

நான் அப்பாவின் முதுகில் அழுத்திப் பழகிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பட்டை எலும்பு எங்கே முடிகிறது, எவ்வளவு அழுத்தினால் அசையாமல் நிற்கிறது என்றெல்லாம் கைக்குப் பிடிபட்டுவிட்டது. அவருக்குச் சுகமாக இருக்கிறதாம். நான் நிறுத்தினால், "இன்னும் கொஞ்சம்" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நாம் செய்யப்போவது இதுதான். அப்பாவை டீ குடிக்க அனுப்பிவிடுவேன். கதவைச் சாத்திவிடுவேன். நீங்கள் பாயில் உட்காருங்கள். பாப்பாவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நான் பின்னால் வந்து மண்டி போட்டுக்கொள்வேன். இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ம்" என்பேன். நீங்கள் அவளைத் தூக்குங்கள். தலைக்கு மேலே, எவ்வளவு உயரம் போகிறதோ அவ்வளவு. போன தடவை குனிந்து சொன்ன பேரை இந்தத் தடவை அண்ணாந்து சொல்லுங்கள்.

பயப்படுவீர்கள் என்று தெரியும். எனக்கும் பயம்தான். என் இரண்டு கையும் உங்கள் முதுகில் இருக்கும். பிள்ளையைத் தாங்க என்னிடம் வேறு கை இருக்காது. நீங்கள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கலா